சின்ன பசங்களோட வரலாற்று இடங்களுக்கு டூர் போறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட்டை, பழைய கோவில், அரண்மனை, இடிஞ்சு கிடக்குற பழைய நகரம், இந்த மாதிரி இடங்களுக்கு குட்டி பசங்கள கூட்டிட்டு போகலாமா, எப்படி சமாளிக்கிறதுன்னு என்கிட்ட நிறைய பேர் கேட்டுட்டே இருக்காங்க. எனக்கு 9 வயசுல ஒரு பொண்ணு, 5 வயசுல ஒரு பையன். ரெண்டு பேரையும் கைக்குழந்தையா இருந்ததுல இருந்தே கூட்டிட்டு சுத்தியிருக்கோம், நல்லா போன டூரும் உண்டு, அழுதுட்டே திரும்பி வந்த டூரும் உண்டு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத விட எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு இத எழுதுறேன்.

எத்தனை வயசுல இருந்து கூட்டிட்டு போகலாம்?

எந்த வயசுலயும் போகலாம், ஆனா ஒவ்வொரு வயசுக்கும் கஷ்டம் வேற வேற. எல்லாரும் கைக்குழந்தைய வச்சிட்டு போறதுதான் கஷ்டம்னு நினைக்கிறாங்க, என் அனுபவத்துல அதுதான் ஈஸி. தூக்கிக்கிட்டா போதும், பால் குடிச்சா தூங்கிடும், நீங்க நிதானமா சுத்தி பாக்கலாம். ரொம்ப கஷ்டமான வயசு ஒன்றரைல இருந்து மூணு வரைக்கும். நடக்க தெரியும், ஓட தெரியும், ஆனா எங்க நிக்கணும்னு தெரியாது, தூக்கினா இறங்கணும்னு அழும், இறக்கி விட்டா தூக்கணும்னு அழும். அந்த வயசுல சுத்தி மதில் இருக்குற, பெரிய திறந்தவெளி இருக்குற இடமா பாத்து போங்க, செங்குத்து படி இருக்குற இடமெல்லாம் ரெண்டு வருஷம் கழிச்சு பாத்துக்கலாம்.

நாலுல இருந்து ஆறு வரைக்கும் கதை கேக்குற வயசு, ராஜா, யானை, ரகசிய வழின்னு சொன்னா கண்ண விரிச்சு கேப்பாங்க. ஏழு எட்டு தாண்டினா உண்மையான கேள்வி வர ஆரம்பிக்கும், "இந்த கல்ல யாரு மேல தூக்கினா?"ன்னு கேப்பாங்க பாருங்க, அதுக்கப்புறம் உங்களுக்கே அந்த இடம் வேற மாதிரி தெரியும்.

பெரியவனானா எதுவுமே ஞாபகம் இருக்காதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு பண்ணி கூட்டிட்டு போகணும்?

இந்த கேள்விதான் எனக்கு அதிகமா வருது, அதுவும் பாதி நேரம் வீட்டு பெரியவங்க வாயில இருந்துதான் வருது. அவங்க சொல்றதுல உண்மை இருக்கு. நம்ம எல்லாருக்குமே முதல் ஞாபகம் சராசரியா மூணு மூணரை வயசுல இருந்துதான் ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடி நடந்தது பெரும்பாலும் அழிஞ்சு போயிடும். அதனால ரெண்டு வயசு குழந்தை பிரமிட பாத்தத வச்சுக்கும்னு நினைச்சுட்டு போகாதீங்க.

ஆனா ஞாபகம்னு ஒண்ணு தானா உள்ள போய் உக்காந்துக்கிறது இல்ல. ரோபின் ஃபிவுஷ்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் பல வருஷமா இத பத்திதான் ஆராய்ச்சி பண்றாங்க. அப்பா அம்மா பழைய விஷயங்கள பசங்ககிட்ட விலாவாரியா பேசி, "அன்னிக்கு என்ன பாத்தோம், அப்புறம் என்ன ஆச்சு, உனக்கு எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டு கேட்டு பேசினா அந்த பசங்களுக்கு தங்களோட பழைய ஞாபகங்கள் இன்னும் விவரமா இருக்குன்னு அவங்களும் அவங்க கூட வேலை செஞ்சவங்களும் காட்டியிருக்காங்க. அதனால டூர் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு நீங்க பேசுறதுதான் பாதி டூர்.

இன்னொண்ணு, ஞாபகம் இருக்காதுன்னு நாம குழந்தைக்கு பாட்டு பாடாம இருக்கமா? பெரிய தூண கட்டி பிடிச்சுட்டு நின்ன அந்த பத்து நிமிஷம் அந்த குழந்தைக்கு சந்தோஷமா இருந்துச்சு, எனக்கு அது போதும்.

எந்த மாதிரி இடத்த முதல்ல தேர்ந்தெடுக்கலாம்?

கண்ணாடி பெட்டிக்குள்ள பொருள வச்சிருக்குற இடத்த விட, குழந்தை உள்ள நடந்து போகக்கூடிய இடம்தான் முதல்ல. பெரியவங்களுக்கு முக்கியமான இடம் வேற, பசங்களுக்கு பிடிக்கிற இடம் வேற. குழந்தைக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஏதாவது ஒண்ணு அங்க இருக்கணும். இத்தாலில பாம்பெய் நகரம் அதுக்கு சரியான உதாரணம். கி.பி. 79ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சு சாம்பல்ல புதைஞ்சு போன ஊரு, உள்ள போனா தெரு இருக்கு, கடை இருக்கு, வீட்டு வாசல்ல தரையில "நாய் ஜாக்கிரதை"ன்னு நாய் படத்தோட கல்லு பதிச்சு எழுதி வச்சிருக்கான். தெருவ தாண்டுறதுக்கு நடுவுல உயரமான கல்லு போட்டிருக்கான், வண்டி சக்கரம் போற அளவுக்கு இடைவெளி விட்டு. பசங்களுக்கு அந்த கல்லு மேல ஒண்ணு ஒண்ணா தாவுறது போதும், கால் நனையாம தெருவ தாண்ட 2000 வருஷத்துக்கு முன்னாடி ஒரு குழந்தையும் இப்படித்தான் தாவியிருக்கும்னு நீங்க ஒரு வரி சொன்னா வேற எதுவும் விளக்க வேணாம்.

ரோம்ல கொலோசியமும் அப்படித்தான், அது ஒரு ஸ்டேடியம்னு சொன்னா முடிஞ்சுது. கி.பி. 80ல திறந்தாங்க, கீழ 80 வாசல், அதுல பெரும்பாலான வாசலுக்கு நம்பர் போட்டிருந்தாங்க, மக்கள் அவங்கவங்க நம்பர் வாசல் வழியா உள்ள போகணும், அந்த ரோமன் நம்பர் சில வளைவுகள் மேல இப்பவும் தெரியுது. ரோமன் நம்பர் படிக்க தெரிஞ்ச பசங்க இருந்தா அவங்கள நம்பர் கண்டுபிடிக்க விடுங்க.

ஒரு நாளைக்கு எத்தனை இடம் பாக்கலாம்?

ஒண்ணு. அதுவும் முழுசா வேணாம்.

எங்க முதல் டூர்ல ஒரே நாள்ல மூணு இடம்னு பிளான் போட்டோம், மூணாவது இடத்துக்கு போறதுக்குள்ள பொண்ணு வாந்தி எடுத்து, நானும் என் வீட்டுக்காரரும் ஒருத்தர ஒருத்தர் கத்திக்கிட்டு, எதுவுமே பாக்காம ரூமுக்கு வந்துட்டோம். அதுக்கப்புறம் காலைல ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஒரே இடம், மதியம் தூக்கம், சாயந்திரம் பார்க்கோ கடற்கரையோ எது இருக்கோ அது. இவ்ளோ தூரம் வந்துட்டு பாக்காம போறதான்னு மனசு அடிச்சுக்கும், எனக்கும் இப்ப வரைக்கும் அடிச்சுக்குது, ஆனா அசந்து போன குழந்தைக்கு எந்த அரண்மனையும் வெறும் சுவருதான்.

கிளம்புறதுக்கு முன்னாடி என்னென்ன பாத்து வச்சுக்கணும்?

லீவு நாள் முதல்ல பாருங்க. தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை லீவு, பாரிஸ்ல லூவ்ர் மியூசியம் செவ்வாய்க்கிழமை லீவு, வெர்சாய் அரண்மனை திங்கக்கிழமை லீவு, இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு. பூட்டின கேட்டு முன்னாடி நின்னு நாலு வயசு குழந்தைக்கு காரணம் சொல்ல முடியாது.

ரெண்டாவது, வயசு விதி. கம்போடியால அங்கோர் வாட் கோவில்ல நடுவுல இருக்குற மேல் அடுக்குக்கு ஏறுற படி ரொம்ப செங்குத்து, 12 வயசுக்கு கீழ உள்ள பசங்கள மேல விட மாட்டாங்க, அதோட தோளும் முட்டியும் மூடியிருக்கணும். இது தெரியாம போனா ஒருத்தர் கீழயே குழந்தைய வச்சுட்டு நிக்கணும். தெரிஞ்சுட்டு போனா நீங்க முதல்ல போங்க, நான் அப்புறம் போறேன்னு முன்னாடியே பேசி வச்சுக்கலாம்.

மூணாவது, வாசல்ல இருந்து உண்மையான இடம் எவ்ளோ தூரம். இங்கிலாந்துல ஸ்டோன்ஹெஞ்ச்ல டிக்கெட் வாங்குற இடத்துல இருந்து கல்லு இருக்குற இடம் ரெண்டு கிலோமீட்டர் கிட்ட, நடக்கலாம், பஸ்ஸும் இருக்கு. ஜோர்டான்ல பெட்ரா போனீங்கன்னா உயரமான ரெண்டு பாறைக்கு நடுவுல சுமார் 1.2 கிலோமீட்டர் சந்து வழியா நடந்தா தான் அந்த ஃபேமஸான செதுக்கு முகப்பே தெரியும், அந்த சந்துக்கு வர்றதுக்கே தனியா நடக்கணும். போன தூரம் திரும்பி வரவும் நடக்கணும்ங்கறத நிறைய பேர் கணக்குல எடுத்துக்கிறது இல்ல, பாதி பேரு குழந்தைய தோள்ல தூக்கிட்டு மூச்சு வாங்கிட்டு வர்றது திரும்பி வர்ற வழிலதான்.

டாய்லெட் எங்கன்னு மேப்ல பாத்துக்கோங்க. உள்ள நுழையறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவை போயிட்டுதான் போகணும், வரலைன்னு சொன்னாலும்.

தள்ளுவண்டி எடுத்துட்டு போறதா, இல்ல குழந்தைய கேரியர்ல உடம்போட கட்டிக்கிறதா?

பழைய இடம்னா பெரும்பாலும் கட்டிக்கிறதுதான். கருங்கல் தரை, படி, மணல், எதுலயும் சின்ன சக்கரம் ஓடாது, கடைசில வண்டியையும் குழந்தையையும் சேத்து தூக்கணும். பாம்பெய்ல மட்டும் வீல்சேர், தள்ளுவண்டி போற மாதிரி மூணு கிலோமீட்டருக்கு மேல ஒரு சமதள பாதை போட்டிருக்காங்க, எங்கயாவது இந்த மாதிரி இருக்கான்னு முன்னாடியே தேடி பாருங்க.

முதுகுல வைக்கிற ஃபிரேம் கேரியர்னா குழந்தை தானா நல்லா உக்கார பழகின பிறகுதான். சின்ன குழந்தைய நெஞ்சோட கட்டும்போது முகம் எப்பவும் உங்களுக்கு தெரியணும், தாடை நெஞ்சுல இடிக்க கூடாது. குறுகலான வாசல்ல குனியும்போது முதுகுல இருக்குற குழந்தையோட தலை உங்க தலைய விட உயரத்துல இருக்குங்கறத மறந்துடாதீங்க.

வெயில எப்படி சமாளிக்கிறது?

இதுல நான் ரொம்ப கண்டிப்பா இருப்பேன். இந்த மாதிரி இடங்கள்ல நிழலே இருக்காது, கல்லு சூட இழுத்து வச்சுக்கும், குழந்தை உயரத்துல அந்த சூடு நமக்கு தெரியுறத விட அதிகம். கேட்டு திறக்குற நேரத்துக்கு உள்ள போங்க, 11 மணிக்குள்ள வெளிய வந்துடுங்க. செருப்ப கழட்டி விட்டு நடக்குற இடம்னா ஒரு ஜோடி சாக்ஸ் பையில இருக்கட்டும், தரைய உங்க கையால தொட்டு பாத்துட்டு இறக்கி விடுங்க.

ஆறு மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைய நேர் வெயில்லயே வைக்காதீங்க, சன்ஸ்க்ரீன் அதுக்கு மேல உள்ள பசங்களுக்குத்தான். அந்த சின்ன குழந்தைக்கு தண்ணியும் குடுக்க கூடாது, பால்தான், வெயில் நாள்ல அடிக்கடி குடுக்கணும். பெரிய பசங்க தாகமா இருக்குன்னு சொல்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, விளையாட்டு மும்முரத்துல சொல்லவே மாட்டாங்க, நீங்களா இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டு வாய் குடுங்க. ரொம்ப நேரமா ஒண்ணுக்கு போகல, சோந்து போய் சாயுது, தலை வலிக்குதுங்குது, வாந்தி வருதுன்னா எந்த சிற்பமும் பாக்க வேணாம், நிழலுக்கு போங்க, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ரெண்டு எப்பவும் பையில வச்சிருங்க. கூப்பிட்டா பதில் சொல்லாம மயங்கின மாதிரி இருந்தா, உளறினா, உடம்பு நெருப்பா கொதிச்சா நேரா டாக்டர்கிட்ட. அஞ்சு நிமிஷம்தானேன்னு நிறுத்தின கார்ல குழந்தைய விட்டுட்டு போறது எந்த காரணத்துக்கும் கூடாது.

மலை மேல இருக்குற இடங்களுக்கு போகலாமா?

உயரத்த பாருங்க. பெருவுல மாச்சு பிச்சு கடல் மட்டத்துல இருந்து 2430 மீட்டர், ஆனா அங்க போறதுக்கு முன்னாடி பெரும்பாலானவங்க தங்குற குஸ்கோ நகரம் அத விட உயரம், 3400 மீட்டர் கிட்ட. 2500 மீட்டர் தாண்டினாலே சிலருக்கு உயர நோய் வரும், தலைவலி, குமட்டல், தூக்கம் வராது. பேச தெரியாத குழந்தை அத சொல்லாது, சும்மா சிணுங்கும், சாப்பிடாது, நாம பயண களைப்புன்னு நினைச்சுப்போம், அங்கதான் ஆபத்து. சந்தேகம் வந்தா கீழ இறங்கிடணும். முடிஞ்சா தாழ்வான ஊர்ல ரெண்டு நாள் தங்கி மெதுவா ஏறுங்க, குட்டி குழந்தைன்னா கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசிட்டே போங்க.

வருஷம், வம்சம் எல்லாம் பசங்களுக்கு எப்படி புரிய வைக்கிறது?

புரிய வைக்காதீங்க. ஏழு எட்டு வயசு வரைக்கும் 100 வருஷமும் 1000 வருஷமும் ஒண்ணுதான், ரெண்டுமே "அப்போ". நான் பாட்டி கணக்கு சொல்லுவேன். உன் அம்மா, அவங்களுக்கு ஒரு அம்மா அதாவது உன் பாட்டி, அந்த பாட்டிக்கு ஒரு அம்மான்னு கைய பிடிச்சு வரிசையா நிக்கிற மாதிரி நினைச்சுக்கோ. ஒரு தலைமுறைக்கு 25 வருஷம்னு வச்சா 1000 வருஷத்துக்கு 40 பேர், ஒரு கிளாஸ் ரூம்ல நிக்கிற கூட்டம்தான். தஞ்சாவூர் பெரிய கோவில ராஜராஜ சோழன் 1010ல கட்டி முடிச்சார், அப்ப வரிசை சுமார் 40 பேரோட முடிஞ்சிடும். எகிப்து பெரிய பிரமிடுக்கு கிட்டத்தட்ட 4500 வருஷம், 180 பேர் நிக்கணும். என் பையன் இந்த கணக்க கேட்டுட்டு "அவ்ளோ பேருக்கும் யாரு சாப்பாடு போட்டா?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி.

நல்ல கேள்வின்னு சும்மா சொல்லல, ஏன்னா ராஜா கட்டினார்னு மட்டும் சொல்லி நிறுத்திடுறோம், கல்லு சுமந்தவங்க யாரு, அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு சொல்றதே இல்ல. பிரமிடு பக்கத்துலயே வேலை செஞ்சவங்க தங்கின ஊர தோண்டி எடுத்திருக்காங்க, ரொட்டி சுடுற அடுப்பு எல்லாம் கிடைச்சிருக்கு. 2013ல செங்கடல் ஓரத்துல மெரர்னு ஒரு மேஸ்திரி பாப்பிரஸ்ங்கற நாணல் தாள்ல எழுதின குறிப்பு கிடைச்சுது, தன்னோட ஆளுங்கள வச்சுட்டு அந்த பெரிய பிரமிடுக்கு படகுல சுண்ணாம்பு கல்லு ஏத்திட்டு போனத நாள் கணக்கா எழுதி வச்சிருக்கார். ராஜா பேர விட இந்த படகு கதைதான் பசங்களுக்கு மனசுல நிக்கும், ஏன்னா அவர் தினமும் வேலைக்கு போயிட்டு வந்த ஆளு, அவங்க அப்பா மாதிரி.

அஞ்சு நிமிஷத்துல "போரடிக்குது"ன்னு சொன்னா?

கண்ணுக்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு வேலை குடுங்க. மாமல்லபுரத்துல அர்ஜுனன் தபசுன்னு சொல்ற பெரிய பாறை சிற்பத்துல ஒரு பூனை பின்னங்கால்ல நின்னு தவம் பண்ணுது, சுத்தி எலி நிக்குது. "பூனை எங்க?"ன்னு மட்டும் சொல்லி விட்டுடுங்க, அத தேடுற சாக்குல பாறை முழுக்க பாத்துடுவாங்க. சீனால மண்ணுல செஞ்ச போர்வீரர் சிலைங்க, 1974ல கிணறு தோண்டின விவசாயிங்க கண்டுபிடிச்சது, ஒவ்வொரு முகமும் வேற வேற, "நம்ம மாமா மாதிரி இருக்குற முகம் எது?"ன்னு கேளுங்க.

காதுக்குன்னா, மெக்சிகோல சிச்சென் இட்சா பிரமிடு. மேல ஏற விட மாட்டாங்க, ஆனா படிக்கு நேரா கீழ நின்னு கை தட்டினா எதிரொலி பறவை கீச்சுன்னு கத்துற மாதிரி வரும். நாலு பக்கமும் 91 படி, மேல மேடை ஒண்ணு, மொத்தம் 365, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. கோல்கொண்டா கோட்டைல வாசல்ல கை தட்டினா மலை உச்சில கேக்கும், காவல்காரனுக்கு அது அலாரம். பீஜப்பூர் கோல்கும்பாஸ்ல உச்சில சுத்தி இருக்குற மாடத்துல ஒருத்தர் சுவர் பக்கம் கிசுகிசுத்தா எதிர் பக்கம் இருக்கறவங்களுக்கு கேக்கும், சத்தம் பல தடவை திரும்பி வரும்.

அப்புறம், குழந்தை பாக்குற பக்கம் நீங்களும் பாருங்க. 1879ல ஸ்பெயின்ல அல்டமிராங்கற குகைக்குள்ள மார்செலினோ சான்ஸ் டி சௌதுவோலாங்கறவர் பழங்கால கருவி ஏதாவது கிடைக்குமான்னு தரைய தோண்டிட்டு இருந்தார், கூட வந்த எட்டு வயசு பொண்ணு மரியா மேல பாத்துச்சு. கூரை முழுக்க காட்டெருமை ஓவியம். அறிஞர்கள் பல வருஷம் நம்பவே இல்ல, 1902ல தான் தப்ப ஒத்துக்கிட்டாங்க, அதுக்குள்ள அந்த அப்பா இறந்துட்டார். இந்த கதைய என் பொண்ணுகிட்ட சொன்னதுல இருந்து எந்த இடத்துக்கு போனாலும் முதல்ல கூரையத்தான் பாக்குறா.

"தொடாத"ன்னு சொல்லி சொல்லி வாய் வலிக்குது, என்ன பண்றது?

வெறும் தொடாதன்னு சொன்னா தொடணும்னு தான் தோணும், காரணத்த கதையா சொல்லுங்க. பிரான்ஸ்ல லாஸ்கோ குகை ஓவியத்த 1940ல விடலை பசங்கதான் கண்டுபிடிச்சாங்க. 1948ல மக்களுக்கு திறந்து விட்டாங்க, கூட்டம் கூட்டமா வந்தாங்க, அவங்க விட்ட மூச்சு காத்தும் ஈரமுமே ஓவியத்த கெடுக்க ஆரம்பிச்சுது, பாசி பிடிச்சுது, 1963ல மூடிட்டாங்க. இப்ப போனா பாக்குறது பக்கத்துல செஞ்சு வச்சிருக்குற நகல்தான். மூச்சே இப்படி பண்ணும்னா விரல்ல இருக்குற வேர்வையும் எண்ணெயும் என்ன பண்ணும்னு கேளுங்க, குழந்தை கைய பின்னாடி கட்டிக்கும். என் பையன் அப்படித்தான் கட்டிக்கிட்டான்.

தொடலாம்னு இருக்குற இடத்துல நல்லா தொட விடுங்க. நிறைய மியூசியத்துல தொட்டு பாக்கவே நகல் வச்சிருப்பாங்க. பேர் செதுக்கி வச்சிருக்குற சுவர பாத்தா அப்பவே காட்டி பேசிடுங்க, இது யாரோ பண்ணின காயம்னு சொல்லுங்க.

கூட்டத்துல குழந்தை தொலைஞ்சு போயிட்டா?

எங்களுக்கு நடந்திருக்கு. ஒரு அரண்மனைல பையனுக்கு அப்ப மூணு வயசு, நான் டிக்கெட்ட பைக்குள்ள வச்சுட்டு நிமிர்றேன், ஆள காணோம். ஆறு நிமிஷம். ரெண்டு தூண் தள்ளி பின்னாடி உக்காந்து எறும்பு பாத்துட்டு இருந்தான், அந்த ஆறு நிமிஷம் நினைச்சா இன்னும் கை நடுங்குது.

அன்னில இருந்து இப்படித்தான் பண்றோம். காலைல கிளம்பும்போது அன்னிக்கு போட்ட டிரஸ்ஸோட ஒரு போட்டோ, பதட்டத்துல என்ன கலர் சட்டைன்னு நமக்கே மறந்துடும். கைல பேனால என் போன் நம்பர், அழியாம இருக்க மேல ஒரு பிளாஸ்டர், பேர் வெளிய தெரியுற மாதிரி எழுதுறது இல்ல. தொலைஞ்சா எங்கயும் தேடிட்டு போகாத, இருக்குற இடத்துலயே நில்லு, அம்மா வந்து தேடுவேன்னு சொல்லி வச்சிருக்கேன், வீட்டுல விளையாட்டா பழக்கியும் இருக்கேன். யார்கிட்டயாவது கேக்கணும்னா யூனிஃபார்ம் போட்டவங்க, இல்லன்னா குழந்தையோட வந்திருக்குற ஒரு அம்மா. பெரியவங்க ரெண்டு பேர் இருந்தா இந்த பத்து நிமிஷம் யார் பொறுப்புன்னு வாய்விட்டு சொல்லிக்கோங்க, "நீ பாத்துட்டு இருக்கேன்னு நினைச்சேன்"ங்கறதுல தான் எல்லாம் நடக்குது. கைப்பிடி சுவர் இல்லாத கோட்டை மதில், கிணறு, குளம், இந்த மூணு பக்கம் வந்தா பேச்சே கிடையாது, கைய பிடிச்சே ஆகணும்.

கைடு வைக்கலாமா?

பசங்க சின்னதா இருக்கும்போது ரெண்டு மணி நேர கைடு வேணாம், வருஷமும் பேருமா கொட்டுவார், குழந்தை கைய இழுக்கும், உங்களுக்கு ரெண்டு பக்கமும் சங்கடம். வச்சே ஆகணும்னா முதல்லயே சொல்லிடுங்க, "அண்ணா, குழந்தைங்க இருக்காங்க, அரை மணி நேரம், கதையா மட்டும் சொல்லுங்க"ன்னு. சில கைடுங்க அப்படியே மாறிடுவாங்க, பசங்கள முன்னாடி நிக்க வச்சு அவங்ககிட்டயே பேசுவாங்க, அந்த மாதிரி ஆள் கிடைச்சா விடாதீங்க.

சண்டை, சாவு, அடிமைத்தனம், இதெல்லாம் வர்ற இடத்துல குழந்தைகிட்ட என்ன சொல்றது?

பொய் சொல்ல வேணாம், எல்லாத்தையும் சொல்லவும் வேணாம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். கொலோசியத்துல "இங்க என்ன விளையாட்டு நடந்துச்சு?"ன்னு கேட்டா, மனுஷங்களையும் மிருகங்களையும் சண்டை போட வச்சாங்க, நிறைய பேர் செத்தாங்க, அது தப்புன்னு இப்ப நமக்கு தெரியுதுன்னு அஞ்சு வயசுக்கு சொல்லலாம். ரத்த விவரம் தேவையில்ல. பாம்பெய்ல செத்தவங்க உடம்பு இருந்த குழிக்குள்ள பிளாஸ்டர் ஊத்தி எடுத்த உருவங்கள் இருக்கு, 1863ல இருந்து பண்றாங்க. அதுல குழந்தைங்களும் உண்டு. எதிர்பாராம பாத்தா பயந்துடுவாங்க, அதனால முன்னாடியே சொல்லி, பாக்கணுமா வேணாமான்னு அவங்களையே முடிவு பண்ண விடுங்க, வேணாம்னா ஒருத்தர் வெளிய நில்லுங்க.

சில இடத்துக்கு சின்ன பசங்கள கூட்டிட்டு போகவே கூடாது. போலந்துல ஆஷ்விட்ஸ் நினைவிடம், நாஜிங்க யூதர்கள கூட்டம் கூட்டமா கொன்ன முகாம் இருந்த இடம், அங்க 14 வயசுக்கு கீழ உள்ளவங்கள கூட்டிட்டு வர வேணாம்னு அவங்களே சொல்றாங்க. அத மதிக்கணும், குழந்தைக்காக மட்டும் இல்ல, அங்க துக்கத்தோட வந்து நிக்கிறவங்களுக்காகவும்.

ஹிரோஷிமா மியூசியத்துக்குள்ள இருக்குறது சின்ன பசங்களுக்கு ரொம்ப கனம், ஆனா வெளிய பார்க்ல குழந்தைகள் அமைதி நினைவு சின்னம் இருக்கு, 1958ல வச்சது. அணுகுண்டு விழுந்தப்ப ரெண்டு வயசா இருந்த சடாகோ சசாகிங்கற பொண்ணு லுக்கேமியாங்கற ரத்த புற்றுநோய் வந்து 1955ல 12 வயசுல இறந்துச்சு, ஆஸ்பத்திரில காகித கொக்கு மடிச்சுட்டே இருந்துச்சு. உலகத்துல எங்கெங்கயோ இருந்து பசங்க கொக்கு மடிச்சு அங்க அனுப்புறாங்க. ஏழு எட்டு வயசு குழந்தையோட ஒரு கொக்கு மடிச்சுட்டு போய் அங்க நிக்கலாம். அந்த நேரத்துல நாம அழுதாலும் பரவால்ல, மறைக்க வேணாம்.

ஒண்ணு பெருசு, ஒண்ணு குட்டி. ரெண்டையும் எப்படி ஒண்ணா சமாளிக்கிறது?

ஒண்ணா சமாளிக்க பாக்காதீங்க, பிரிஞ்சுடுங்க. ஒரு மணி நேரம் ஒருத்தர் பெரியவளோட உள்ள, இன்னொருத்தர் குட்டியோட புல்வெளில, அப்புறம் மாத்திக்கோங்க. பெரிய குழந்தைக்கு தம்பி தங்கச்சி இல்லாம நிதானமா பாக்க கிடைக்கிற அந்த ஒரு மணி நேரம் பெரிய பரிசு. தாத்தா பாட்டி கூட வந்தா இன்னும் வசதி, அவங்களும் பசங்க மாதிரியே அடிக்கடி உக்காரணும், டாய்லெட் போகணும், ரெண்டு பேர் வேகமும் நல்லா ஒத்து போகும்.

பாதில உக்காந்து அழுது அடம் பிடிச்சா?

முதல்ல பசியா, தூக்கமா, வெயிலான்னு பாருங்க, பத்துல எட்டு தடவை அதுதான். நிழல்ல உக்காந்து ஏதாவது சாப்பிட குடுங்க. அப்பவும் சரியாகலன்னா வெளிய வந்துடுங்க. டிக்கெட் காசு போச்சேன்னு குழந்தைய இழுத்துட்டு போனா அந்த இடத்தோட பேர கேட்டாலே குழந்தைக்கு அழுகை ஞாபகம்தான் வரும்.

போட்டோ?

உள்ள போன உடனே ரெண்டு போட்டோ எடுத்துட்டு மொபைல பைக்குள்ள வச்சிடுங்க, அப்பதான் எல்லார் முகமும் ஃப்ரெஷ்ஷா இருக்கும். குழந்தைகிட்ட ஒரு பழைய கேமரா குடுத்து பாருங்க, முட்டி உயரத்துல இருந்து அது எடுக்குறது நமக்கு தெரியாத கோட்டையா இருக்கும்.

பாத்த இடத்துக்கே திரும்ப கூட்டிட்டு போகலாமா, இல்ல புது இடமா?

தாராளமா திரும்ப போங்க. என் பொண்ணுக்கு நாலு வயசு இருக்கும்போது ஒரு கோட்டைக்கு போனோம். நாங்க மேல இருக்குற மண்டபத்த காட்டணும்னு துடிக்கிறோம், அவ மதில் ஓரத்துல மழை தண்ணி வடியுறதுக்கு வெட்டி வச்சிருந்த ஒரு கல் கால்வாய் பக்கத்துல உக்காந்துட்டா. பாட்டில்ல இருந்த தண்ணிய ஊத்தி ஒரு இலைய விட்டா, அது சுவருக்குள்ள போய் மறைஞ்சுது, எங்க வெளிய வரும்னு தேடி நாப்பது நிமிஷம். நாங்க மண்டபத்துக்கு போகவே இல்ல. எனக்கு அன்னிக்கு ஏமாத்தமா இருந்துச்சு, மறைக்கல. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் அந்த கால்வாய பத்தி எங்க வீட்டுல பேசாத மாசம் இல்ல, அவ்ளோ பெரிய கோட்டைல தண்ணி எப்படி போகும், எங்க சேத்து வச்சாங்கன்னு அவளே கேட்டு கேட்டு படம் வரைஞ்சு வச்சிருக்கா.

இந்த வருஷம் திரும்ப போனோம். இந்த தடவை மண்டபம் வரைக்கும் அவளே முன்னாடி ஏறி போனா, முழுசா பாத்தா, கீழ இறங்கினதும் தம்பி கைய பிடிச்சு நேரா அந்த கால்வாய்கிட்ட கூட்டிட்டு போயிட்டா. அவன் இலைய விட்டான், அவ தண்ணி ஊத்தினா, ரெண்டு பேரும் மதில சுத்தி அந்த பக்கம் ஓடினாங்க.

நாங்க பின்னாடியே ஓடினோம், கைப்பிடி சுவர் இல்லாத மதில் அது.